ஆசியவியல், மூன்றாம் ஆண்டு

ஹீட்டர் ஓடாத வகுப்பறையில், மேல்கோட்டைக் கழற்றாமல் நின்றுகொண்டே, ஜாவா பயணம் ரத்தாகிவிட்டது என்று க்வாக் சார் சொன்னார். இந்தப் பருவத்தோடு கல்லூரியையே மூடப்போகிறார்கள் என்பதை அதற்குப் பிறகுதான் சொன்னார். எதை முதலில் சொல்வதென்று மலைப்பாதை முழுக்க யோசித்துக்கொண்டே ஏறி வந்திருப்பார் போல. கடைசியில் சின்னச் செய்திதான் முதலில் வாயில் வந்து விழுந்தது.

கேட்டுக்கொண்டிருந்தவர்கள் இரண்டு பேர். முன்பெஞ்சில் ஐம்பத்தெட்டு வயது மால்சுன். ஜன்னலோரம் போம்சு, கொரியாவில் எல்லாப் பையன்களும் செய்ய வேண்டிய ராணுவச் சேவையை முடித்துவிட்டு வந்து, வேறெங்கும் இடம் கிடைக்காமல் இங்கே சேர்ந்த பையன். தோங்மே கல்லூரியின் ஆசியவியல், மூன்றாம் ஆண்டு என்றால் அவ்வளவுதான். அவர்களுக்குக் கீழே இரண்டு ஆண்டுகளாக ஆளே சேரவில்லை. மேலே நான்காம் ஆண்டில் பெயரை மட்டும் கொடுத்துவிட்டு, கிம்ஹே தொழிற்பேட்டையில் வேலை பார்க்கிறவர்கள் சிலர்.

"அப்ப எங்க டிகிரி என்ன சார் ஆகும்?" என்றான் போம்சு.

"வேற காலேஜுக்கு மாத்தி விடுவாங்க. இந்தப் பக்கம் ஆசியவியல் எங்கயும் கிடையாது. முதியோர் பராமரிப்பு, ஓட்டல் நிர்வாகம்னு ஏதாச்சும் பாத்துக்க வேண்டியதுதான்."

"நான் முதியோரைப் பராமரிக்கவா? என் துணியையே எங்கம்மாதான் துவைக்கறாங்க." மால்சுன் பக்கம் திரும்பினான், அவளைச் சித்தி என்றுதான் கூப்பிடுவான். "சித்தி, பிராக்டிகலுக்கு நீங்கதான் வந்து படுக்கணும், சொல்லிட்டேன்."

வேறொரு நாளாக இருந்தால் அவனுக்கு அப்போதே திருப்பிக் கொடுத்திருப்பாள். பூசான் பள்ளிக்கூடச் சமையற்கட்டில் இருபது வருடம் பெரிய பெரிய அண்டாக்களோடும் அதைவிடப் பெரிய வாய்களோடும் மல்லுக்கட்டியவள். அன்றைக்கு அவள் க்வாக் சாரை மட்டும் பார்த்து, "பயணம் நிச்சயமா கிடையாதா, சார்?" என்றாள். அவர் துடைப்பானை எடுத்துக்கொண்டு பலகைப் பக்கம் திரும்பினார்.

மால்சுன் என்பது, வரிசையாகப் பெண்ணாகப் பிறந்த வீட்டில், இதோடு போதும் என்று வைக்கிற பெயர். அடுத்ததும் பெண்ணாகவே பிறந்தது, அது வேறு கதை. பதினாறு வயதில் அவள் பூசானுக்கு வந்து செருப்புத் தொழிற்சாலையில் சேர்ந்தாள். அடித்தோலுக்குப் பசை தடவுகிற வேலை. பில்குவும் அங்கேதான் இருந்தான், அதே வரிசையில், மேற்பார்வை பார்த்துக்கொண்டு. கல்யாணமாகி, மகன் தேசிக் பிறந்து மூன்று வயதானபோது கம்பெனிக்கு இங்கே கூலி கட்டுப்படியாகவில்லை. மிஷின்களைக் கழற்றிப் பெட்டியில் அடைத்து இந்தோனேசியாவுக்குக் கப்பலேற்றினார்கள். மிஷினோடு சேர்த்து, அதை ஓட்டக் கற்றுக்கொடுக்கப் பில்குவையும் அனுப்பினார்கள். இரண்டு வருடம் என்று சொல்லித்தான் போனான். நடுவில் இரண்டு தடவை வந்தான், முகமெல்லாம் கறுத்து, சிரிப்பு மட்டும் அதே சிரிப்பாக. பிறகு அந்தப் பெரிய பண நெருக்கடி வந்த குளிர்காலத்தில் கம்பெனி முழுகியது. அதற்கப்புறம் அவனிடமிருந்து ஒன்றும் வரவில்லை. அவனுக்கு அங்கே ஒரு பெண் இருக்கிறாள், குழந்தையும் இருக்கிறது என்று, திரும்பி வந்த ஒருவன் சந்தையில் வைத்துச் சொன்னான். மால்சுன் அப்போது முள்ளங்கி வாங்கிக்கொண்டிருந்தாள். நல்லதாகப் பார்த்து இன்னும் ஒன்று எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தாள்.

அதோடு முடிந்தது என்றுதான் இருந்தாள். ஏழு வருடத்துக்கு முன்னால் ஒரு மத்தியானம், சமையற்கட்டில் சோற்று ஆவிக்கு நடுவே நின்றபோது, தெரியாத எண்ணிலிருந்து போன் வந்தது. ஒரு பெண்ணின் குரல். அழுதுகொண்டே ஏதோ சொன்னது. ஒரு எழுத்தும் புரியவில்லை. யார் என்று மட்டும் மால்சுனுக்கு எப்படியோ உடனே தெரிந்துவிட்டது. இத்தனை வருடமாகத் தேக்கி வைத்திருந்ததையெல்லாம் அண்டாக்கள் அதிரும்படி கத்தித் தீர்த்தாள். எதிர்க்குரலுக்கும் ஒரு எழுத்துப் புரிந்திருக்காது. அந்த வாரத்திலேயே இன்னும் சில தடவை போன் வந்தது. ஒவ்வொரு தடவையும் அந்தக் குரல் ஒரு சொல்லைத் திரும்பத் திரும்பச் சொன்னது: தோலோங், தோலோங். பிறகு வரவே இல்லை.

முழங்கால் தேய்ந்து வேலையை விட்ட வருடம், மெட்ரோ ஸ்டேஷன் வாசலில், கல்லூரியின் பெயர் போட்ட பட்டையைத் தோளில் மாட்டிக்கொண்டு கோட்டு சூட்டோடு ஒருவர் முகம் துடைக்கிற ஈரக் காகிதப் பொட்டலத்தை விளம்பரத்துக்காக இலவசமாக நீட்டிக்கொண்டிருந்தார். முப்பது வயதுக்கு மேற்பட்டவர்களுக்குத் தேர்வு கிடையாது, கட்டணம் கிடையாது, சேர்ந்தால் போதும் என்றார். யாரும் அவர் கையைப் பார்க்கவில்லை. மால்சுன் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு, அதில் அச்சடித்திருந்த துறைகளின் பெயர்களைப் படித்துவிட்டு, "இதுல இந்தோனேசியா பாஷை சொல்லித் தருவாங்களா?" என்று கேட்டாள். அந்த ஆள் திகைத்துவிட்டார். அவர்தான் க்வாக் சார். அந்தப் பாஷைக்காகவே ஜாவாவில் ஆறு வருடம் இருந்து பட்டம் வாங்கி வந்தவர். பதினைந்து வருட உத்தியோகத்தில், வாசலில் வைத்து அந்தக் கேள்வியை அவரிடம் கேட்ட முதல் ஆள் இவள்தான் என்று பின்னால் ஒரு நாள் சொன்னார்.

எதற்காகப் படிக்கிறாள் என்று யார் கேட்டாலும், ஊர் சுற்றிப் பார்க்க என்று சொல்லி வைத்தாள். தேசிக்கிடமும் அதையேதான் சொன்னாள். பார்சல் வண்டி ஓட்டுகிற மகன் அவள் முகத்தை ஒரு கணம் பார்த்துவிட்டு, எந்த ஊரை என்று கேட்காமல் எழுந்து போய்விட்டான்.

சேர்ந்த முதல் வாரத்திலேயே அந்தச் சொல் வந்துவிட்டது. மரியாதையாக ஒன்றைக் கேட்பது எப்படி என்ற பாடம். க்வாக் சார் பலகையில் எழுதினார்: தோலோங், உதவுங்கள். கதவைத் திறக்கச் சொல்வதற்கு முன்னால் போடலாம், உப்பைத் தள்ளச் சொல்வதற்கு முன்னால் போடலாம். தனியாகச் சொன்னால், ஆபத்தில் இருக்கிறேன், காப்பாற்றுங்கள் என்று பொருள். அப்போது வகுப்பில் இருந்த எல்லாரும் சேர்ந்து திருப்பிச் சொன்னார்கள். மால்சுன் வாயை மட்டும் அசைத்தாள். அன்றைக்கு வீட்டுக்குப் போய், பழைய போனில் இருந்த அந்த எண்ணைப் போட்டுப் பார்த்தாள். அப்படி ஒரு எண் உபயோகத்தில் இல்லை. அதற்கப்புறம் அவளுக்கு இருந்த ஒரே வழி, மூன்றாம் ஆண்டுக்காரர்களை ஜாவாவுக்கு அழைத்துப்போவார்கள் என்பது. அங்கே போய்விட்டால், எப்படியாவது தாங்கெராங் என்கிற அந்த ஊருக்குப் போய், செருப்புத் தொழிற்சாலை வாசலில் நின்று, ஒவ்வொருத்தராகக் கேட்கலாம். அதற்கு வேண்டிய வாக்கியங்களை இரண்டு வருடமாகச் சேர்த்து வைத்திருந்தாள். கனமான சட்டிகளை அடுக்குவதுபோல, ஒன்று சரியாக உட்கார்ந்த பிறகுதான் அடுத்தது.

போம்சு போன பிறகு அவள் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தாள். க்வாக் சார் துடைப்பானால் வெற்றுப் பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"சார், நான் ஊர் பாக்க வரல" என்று ஆரம்பித்தாள்.

அவள் சொல்லி முடிக்கும்வரை அவர் உட்காரவும் இல்லை, குறுக்கே பேசவும் இல்லை. கடைசியில், "முதல் வாரமேவா அம்மா? ரெண்டு வருஷமா இதை வச்சுக்கிட்டா எம்முன்னால உக்காந்திருந்தீங்க?" என்று மட்டும் கேட்டார். அந்த ஊரில் கொரியர்களுக்கு மளிகைக்கடை வைத்திருக்கிற பழைய நண்பன் ஒருவன் இருக்கிறான், கேட்டுப் பார்க்கிறேன் என்றார்.

செர்ரி பூத்து உதிர்ந்த சமயம் பதில் வந்தது. கண்டுபிடிப்பது கஷ்டமாக இருக்கவில்லையாம். தொழிற்சாலை வாசலில் செருப்புத் தைத்துக்கொண்டிருந்த கொரியக்காரனை அந்தத் தெருவில் எல்லாருக்கும் தெரிந்திருந்தது. ஏழு வருடத்துக்கு முன்னால் செத்துப்போனான். பெண்டாட்டி யாத்தி அங்கேயே இருக்கிறாள். மகள் பெயர் லிலிஸ், வயது இருபத்தாறு. வீடியோவில் பேச வருவாள்.

துறை அலுவலகத்தில் கணினியைப் போட்டுக்கொடுத்துவிட்டு க்வாக் சார் வெளியே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். மால்சுன் முடிக்குச் சாயம் போட்டிருந்தாள். எதற்காகப் போட்டோம் என்று அவளுக்கே வெட்கமாக இருந்தது. திரையில் பச்சைச் சுவர் ஒன்று வந்தது, ஒரு மின்விசிறி வந்தது, பிறகு தலைமுக்காடு போட்ட ஒரு பெண் வந்தாள். நெற்றியும் கண்ணும் தேசிக்குடையவை. மால்சுன் மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"வணக்கம், பெரியம்மா. நான் லிலிஸ் ஆவேன். தங்களைச் சந்திப்பதில் மகிழ்ச்சி அடைகிறேன்" என்றாள் அந்தப் பெண், புத்தகத்துக் கொரிய மொழியில், ஒவ்வொரு சொல்லாக.

மால்சுன் தன்னுடைய புத்தகத்து இந்தோனேசிய மொழியில் பதில் சொன்னாள். "நானும் மகிழ்ச்சி. நீ நலமா? அம்மா நலமா?"

அம்மா பக்கத்தில்தான் இருந்தாள். படத்துக்குள் வரவில்லை. பூப்போட்ட சட்டைக் கையும் ஒரு முழங்கையும் மட்டும் ஓரத்தில் தெரிந்தன. அன்றைக்கு அழுத குரலின் முழங்கை.

இவள் அவள் மொழியிலும் அவள் இவள் மொழியிலுமாக, இருவரும் தெரியாத வீட்டில் இருட்டில் நடக்கிறவர்களைப்போலத் தடவித் தடவிப் போனார்கள். அப்பா கொரிய மொழி எதுவும் கற்றுக்கொடுத்தாரா என்று மால்சுன் கேட்டாள். லிலிஸ் யோசித்தாள். பிறகு சட்டென்று, சுத்தமான பூசான் இழுவையில், "சோறு தின்னியாட்டி?" என்றாள். சொல்லிவிட்டுச் சிரித்தாள். தினமும் வேலையிலிருந்து வந்ததும் அப்பா கேட்பது அது ஒன்றுதானாம்.  செருப்புத் தொழிற்சாலையில், பசைநாற்றத்துக்கு நடுவே, பதினெட்டு வயதில் மால்சுனிடம் அவன் முதன்முதலாகப் பேசிய பேச்சும் அதுதான். உலகத்தில் எல்லாப் பூசான்காரனும் கேட்கிற கேள்விதான். ஆனாலும்.

அவள் சேர்த்து வைத்திருந்த வாக்கியத்தை இப்போது எடுத்தாள். "அப்போது அம்மா எனக்குப் போன் செய்தார். ஏன்?"

"அப்பா ரத்தம் வாந்தி. மருத்துவமனையில், அவளைக் கூப்பிடு, அவளைக் கூப்பிடு என்றார். அம்மா கூப்பிட்டார். தாங்கள்…" அந்த இடத்துக்கு லிலிஸுக்குக் கொரியச் சொல் கிடைக்கவில்லை. கையை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோய் விரித்துக் காட்டினாள். கத்தினீர்கள்.

"எனக்கு அன்றைக்குப் புரியவில்லை" என்றாள் மால்சுன். இலக்கணம் சரியாகத்தான் இருந்தது. புரிந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்ற வாக்கியத்தை அவள் தயார் செய்யவில்லை. இரண்டு வருடமும் அதைத் தொடாமல் சுற்றிக்கொண்டுதான் வந்திருக்கிறாள். ஓடியிருப்பாளா? சாகட்டும் அங்கேயே என்று வைத்திருப்பாளா? 

திரையின் ஓரத்தில் முழங்கை அசைந்து லிலிஸை இடித்தது. லிலிஸ் நிமிர்ந்து உட்கார்ந்தாள். அவளும் செருப்புத் தொழிற்சாலையில்தான் வேலை பார்க்கிறாள். அந்தத் தொழிற்சாலை இப்போது இன்னும் கூலி குறைந்த வேறு ஊருக்குப் போகிறது. கொரியாவுக்கு வேலைக்கு வருவதற்கான மொழித் தேர்வை இரண்டு முறை எழுதி இரண்டு முறையும் தோற்றாள். அப்பாவின் பெயரில், அவருடைய மகள் என்று கொரியாவில் பதிந்துவிட்டால் வரலாம் என்று ஒருவர் சொன்னார். அதற்கு ரத்த உறவு நிரூபிக்க வேண்டும். அண்ணன் இருக்கிறாரே. இதையெல்லாம் பாதி கொரியத்தில் தொடங்கி, முடியாமல், தன் மொழிக்கே மாறி விடுவிடுவென்று சொல்லி முடித்தாள். மால்சுனுக்கு எல்லாம் புரிந்தது. ஒரு சொல் விடாமல் புரிந்தது. கடைசியில் அந்தப் பெண் இரண்டு கைகளையும் சேர்த்து, "தோலோங், பெரியம்மா" என்றாள்.

தேசிக்கை அவள் பன்றி சூப்புச் சோற்றுக் கடைக்கு வரச் சொன்னாள். நாலு பேர் இருக்கிற இடத்தில் கத்த மாட்டான் என்று ஒரு கணக்கு. அது தப்பாகப்போனது.

"உனக்கு வெக்கமா இல்ல? இதுக்குத்தான் புத்தகத்தைத் தூக்கிட்டு மலை மலையா ஏறினியா? ஊர் பாக்கறியாம் ஊர்!"

"அந்தப் பொண்ணு என்னடா பண்ணுச்சு?"

"நான் என்ன பண்ணேன்? பள்ளிக்கூடத்துல அப்பா எங்கன்னு கேட்டா, வெளிநாட்டுலன்னு சொல்லுன்னு நீதான் சொல்லிக்குடுத்த. எட்டாவது வரைக்கும் அதையே சொல்லிட்டுத் திரிஞ்சேன். அந்தாளுக்கு நான் ரத்தம் குடுக்கணுமா?"

கடைக்காரி சூப்பை வைத்துவிட்டுப் பேசாமல் உள்ளே போனாள். தேசிக் கரண்டியை எடுத்தான், கீழே வைத்தான், எழுந்து போனான். அவனுடைய கிண்ணத்திலிருந்து ஆவி வந்துகொண்டே இருந்தது. மால்சுன் இரண்டு கிண்ணத்தையும் தானே சாப்பிட்டுவிட்டு வந்தாள். சோற்றை வீணாக்கிப் பழக்கமில்லை.

அவன் போன் செய்தபோது மே மாதம் பிறந்திருந்தது. வண்டி ஓட்டிக்கொண்டே பேசினான்.

"எங்க போய்க் குடுக்கணும் அது? ரத்தமா, எச்சிலா?"

"எச்சில் போதும்னு க்வாக் சார் சொன்னாரு."

"சரிதான். அந்தாளுக்கு எச்சில் போதும்" என்றான். இண்டிகேட்டர் அடிக்கிற சத்தம் கேட்டது. "அந்தப் பொண்ணு மூஞ்சி எப்படி இருக்கும்?"

"உன்னை மாதிரி."

"பாவம்" என்று வைத்துவிட்டான்.

அவனே லீவு போட்டு அவளைச் சட்ட உதவி மையத்துக்கு அழைத்துப்போனான். கம்பெனிச் சட்டையைக் கழற்றிவிட்டு, கல்யாண வீடுகளுக்குப் போடுகிற வெள்ளைச் சட்டை போட்டிருந்தான். சோதனைக்கு அங்கேயே எச்சில் எடுப்பார்கள் என்று நினைத்து, காலையிலிருந்து ஒரு வாய் காபிகூடக் குடிக்காமல் வந்திருந்தான். எதிரே உட்கார்ந்த வக்கீல் சின்ன வயது, மரியாதையான ஆள். இறந்த தேதியைக் கேட்டார். மகளுக்கு அது எப்போது தெரியும் என்று கேட்டார்.

"கூடவேதான் இருந்திருக்கா. அவ கையிலதான் உயிர் போயிருக்கு" என்றாள் மால்சுன்.

அவர் பேனாவை மூடினார். தகப்பன் இறந்தது தெரிந்து இரண்டு வருடத்துக்குள் வழக்குப் போட்டிருக்க வேண்டும் என்றார். அதற்குப் பிறகு பரிசோதனை செய்து என்ன வந்தாலும் நீதிமன்றம் எடுத்துக்கொள்ளாது. மால்சுன் புரியாதவள்போல மறுபடி கேட்டாள். அவர் அலுத்துக்கொள்ளாமல் மறுபடி சொன்னார். இப்படி ஒரு சட்டம் இருப்பது அந்தப் பெண்ணுக்குத் தெரியாதே என்றாள். தெரியாதது கணக்கில் வராது அம்மா என்றார்.

அவள் மனதுக்குள் வருடங்களைப் பின்னோக்கித் தள்ளிப் பார்த்தாள். ஸ்டேஷன் வாசலில் அந்த ஈரக் காகிதப் பொட்டலத்தைக் கையில் வாங்கிய நாளிலேயே எல்லாம் முடிந்துபோயிருந்தது. அவள் படித்த ஒவ்வொரு பாடமும் முடிந்துபோன பிறகு படித்த பாடம்.

வெளியே வந்து வண்டியில் உட்கார்ந்தும் தேசிக் சாவியைத் திருப்பவில்லை. வெள்ளைச் சட்டையின் மேல்பொத்தானைக் கழற்றினான். "அன்னைக்கே, அந்தச் சூப்புக் கடையிலயே சரின்னு சொல்லிருந்தா?" என்றான்.

"அதுக்கும் முன்னாலயே போச்சுடா."

"சரி. பசிக்குது. எங்கயாச்சும் சாப்பிடலாம்" என்றான், சின்ன வயதில் பேசிய குரலில். எங்கேயும் போகவில்லை. வெகுநேரம் அந்த வாகன நிறுத்தத்திலேயே இருந்தார்கள்.

லிலிஸிடம் அவள் இன்னும் சொல்லவில்லை. அந்தப் பெண் தினமும் செய்தி அனுப்பினாள். பூப்படம், பூனைப்படம், பெரியம்மா உடம்பு நலமா, அண்ணன் உடம்பு நலமா. எல்லாவற்றுக்கும் மால்சுன், நலம் என்று பதில் போட்டாள்.

ஜூன் மாதம் கடைசித் தேர்வு வந்தது. யாருக்கும் மதிப்பெண் அனுப்ப வேண்டியதில்லை. மாற்றுக் கல்லூரிக்கு அது தேவையும் இல்லை. ஆனாலும் க்வாக் சார், வாய்மொழித் தேர்வு உண்டு, ஆளுக்குக் கொஞ்ச நேரம், எந்தத் தலைப்பானாலும் சரி என்று சொல்லியிருந்தார். அன்று அவர் மேல்கோட்டெல்லாம் இல்லாமல், ஜாவாவில் வாங்கிய பழுப்புப் பூவேலைச் சட்டையில் வந்திருந்தார். வராந்தாவில் ஆட்கள் மேசைகளை இழுத்துக்கொண்டு போகிற சத்தம் சுவரைத் தாண்டிக் கேட்டது.

போம்சு வழக்கம்போல, சாப்பாட்டுக் கடைக்குப் போய் வறுத்த சோறு வாங்குவதைப் பற்றிப் பேசினான். மூன்று வருடமாக அவன் அந்தக் கடையிலேயேதான் உட்கார்ந்திருக்கிறான் என்று க்வாக் சார் சொல்லி, முட்டை வேண்டுமா வேண்டாமா என்று கேட்டார். அவன் முட்டையும் வாங்கிக்கொண்டு, சில்லறையும் வாங்கிக்கொண்டு முடித்தான். அடுத்த வாரம் கோஜே கப்பல் பட்டறையில் வர்ணம் அடிக்கிற வேலைக்குப் போகிறான். வேறு கல்லூரிக்கு மாறவில்லை.

மால்சுன் எழுந்து நின்றாள். பெஞ்சின் மேல் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டாள்.

"லிலிஸ்," என்று ஆரம்பித்தாள், அந்தப் பெண் எதிரே இருக்கிறதுபோல, இந்தோனேசிய மொழியில். "நானும் உன் அண்ணனும் அந்த அலுவலகத்துக்குப் போனோம். அண்ணன் வெள்ளைச் சட்டை போட்டிருந்தான். எச்சில் தருவதற்குச் சம்மதித்தான். ஆனால் சட்டம் ஒன்று இருக்கிறது. அப்பா இறந்து இரண்டு வருடத்துக்குள் கேட்டிருக்க வேண்டும். நாம் தாமதம். உன் பெயரை அப்பாவின் பெயரோடு எழுதுவது இன்னும் இல்லை. நீ இங்கே வருவது இன்னும் இல்லை. நான் வருந்துகிறேன்."

போம்சு குனிந்து தன் காலணியைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்கு எவ்வளவு புரிந்தது என்று சொல்ல முடியாது. சாப்பாட்டுக் கடைக்கு வெளியே அவன் மொழி அதிகம் போனதில்லை.

க்வாக் சார் தொண்டையைக் கனைத்தார். "உச்சரிப்பு நல்லா இருக்கு அம்மா. ஒரு தப்பு. கடைசில, 'இன்னும் இல்ல'ங்கற சொல்லைப் போடறீங்க. அப்படின்னா, இன்னைக்கு இல்ல, பின்னால நடக்கும்னு அர்த்தம் வரும். நடக்கவே நடக்காதுங்கறதுக்கு வேற சொல் இருக்கு."

"தெரியும், சார்."

"தெரிஞ்சேவா போட்டீங்க?"

அவள் தலையை ஆட்டினாள்.

"அந்த ஊர்க்காரங்களும் அப்படித்தான்" என்றார் அவர், பூவேலைச் சட்டையின் நுனியை இழுத்துவிட்டுக்கொண்டு. "எழுபது வயசுல தனியா இருக்கற ஆளைப் பாத்து, கல்யாணம் ஆச்சான்னு கேட்டா, இல்லன்னு சொல்ல மாட்டான். இன்னும் இல்லன்னுதான் சொல்லுவான். நானும் அங்க இருக்கறப்ப அதையே பழகிட்டேன். இந்தக் காலேஜ்ல புதுசா ஆள் சேந்தாச்சான்னு யார் கேட்டாலும் ரெண்டு வருஷமா அப்படித்தான் சொல்லிட்டிருந்தேன்." சட்டை நுனியை விட்டுவிட்டு அவளைப் பார்த்தார். "ஆனா இதுல போடக்கூடாதும்மா. அந்தப் பொண்ணு காத்துக்கிட்டே கெடக்கும்."

"சரி, சார்."

"திருப்பிச் சொல்லுங்க."

அவள் முதலிலிருந்து சொன்னாள். அண்ணன், வெள்ளைச் சட்டை, இரண்டு வருடம், தாமதம். அந்த இடம் வந்தபோது சரியான சொல்லைப் போட்டாள். ஒரு முறை எழுதுவதற்கு, ஒரு முறை வருவதற்கு. வராந்தாவில் யாரோ பெரிய அலமாரி ஒன்றைக் கீழே போட்டார்கள். க்வாக் சார் எழுந்து, இடுப்பு வளைய அவளுக்குத் தலை வணங்கினார். ஆசிரியர் மாணவருக்கு அப்படி வணங்குகிற வழக்கம் கிடையாது. போம்சுவும் என்ன செய்வதென்று தெரியாமல் எழுந்து நின்றான்.

கல்லூரி வண்டி நின்றுபோய் ஒரு மாதமாகிறது. மலையிலிருந்து நடந்துதான் இறங்க வேண்டும். போம்சு தன் மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போகிறேன் என்றான். "விழுந்தா முதியோர் பராமரிப்புக்கு ஆளு வேணும்டா, போ" என்று அனுப்பிவிட்டாள். முழங்கால் ஒவ்வொரு வளைவிலும் குத்தியது. கீழே, தொழிற்பேட்டைச் சாலையில் பஸ் நிறுத்தத்துக்கு வந்து சேர்ந்தபோது, நல்ல வெயில்.

நிறுத்தத்தில் இரண்டு பையன்கள் இருந்தார்கள். எண்ணெய்க் கறை படிந்த ஒரே மாதிரி நீலச் சட்டை. ஷிப்ட் முடிந்து வந்திருப்பார்கள். ஒருவன் கையில், பயறு வைத்த ரொட்டிப் பொட்டலம். அவர்கள் இந்தோனேசிய மொழியில் பேசியது அவளுக்குப் புரிந்தது. பக்கத்தில் இருக்கிறவளுக்குப் புரியாது என்ற தைரியத்தில் குரலைக் குறைக்காமல் பேசினார்கள்.

"அந்த அம்மா அழறாங்களா?"

"வெயில்ல கண்ணைச் சுருக்கறாங்கடா. இந்த ஊர்க்காரங்க அழ மாட்டாங்க."

"இல்லடா, பாரு. அழறாங்க. என்னன்னு கேளேன்."

"நான் என்ன பாஷையில கேக்கறது? நீ கேளு. நீதான தேர்வுல முதல் தடவையே பாஸானவன்."

 பாஸானவன் ரொட்டியைப் பிய்த்து, பயறு அதிகம் இருந்த பாதியை, இந்த ஊர் முறைப்படி இரண்டு கைகளாலும் அவள் முன்னால் நீட்டினான். வாயைத் திறந்தான். வார்த்தை ஒன்றும் வரவில்லை. சிரித்தான். மால்சுன் இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டாள். அவனுக்குச் சொல்ல நன்றி என்ற சொல் அவளிடம் இருந்தது, அவனுடைய மொழியிலேயே, முதல் பாடத்திலிருந்தே. அதைச் சொன்னால், இவ்வளவு நேரம் பேசியதெல்லாம் புரிந்தது என்று ஆகிவிடும். அவள் ரொட்டியை வாயில் வைத்துக்கொண்டாள்.

பஸ் வந்தது. பையன்கள் ஏறினார்கள். "பெரியம்மா, ஏறலையா?" என்று டிரைவர் குனிந்து கேட்டார். அவள் கையை மட்டும் அசைத்தாள், போகச் சொல்லி; லிலிஸுக்குச் சொல்ல வேண்டியது இன்னும் பாக்கி இருந்தது. கதவு மூடிக்கொண்டது. பின்கண்ணாடி வழியாக அந்தப் பையன் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனான். புழுதி அடங்குகிறவரை மால்சுன் அங்கேயே நின்றிருந்தாள், வாய்நிறைய ரொட்டியோடு, மெல்லாமலும் விழுங்காமலும்.